மலையில் வந்த காய்ச்சல்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியபோது, 'சேவையின் சிறப்பு' என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்கு அந்தத் தலைப்பில் பேச யோக்கியதை இல்லை. நான் முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சேவை செய்யப் போன இடத்தில் படுத்துக்கொண்டவன் என்ற முறையில் வேண்டுமானால் பேசலாம் என்று சொன்னேன். "அதையே பேசுங்க சார்" என்று விட்டார். அதனால்தான் நிற்கிறேன்.

நான் களம்பூர்க்காரன். ஆரணி பட்டு என்றால் உங்களுக்குத் தெரியும். களம்பூர் பொன்னி அரிசி என்றாலும் தெரியும். ரயிலில் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். 'ஆரணி ரோடு' என்று பலகை போட்ட ஸ்டேஷன் இருப்பது எங்கள் களம்பூரில்தான். ஆரணிக்கு என்று டிக்கெட் வாங்கி இறங்கியவர்கள் ஊரைக் காணாமல் முழித்ததை நான் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி உட்காருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தங்கையும் தார் சுற்றுவோம். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்.

1981-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். நான் இறுதியாண்டு. நம் கல்லூரி மாணவர்களில் சிலர், ஒரு சபையாரோடு சேர்ந்து, அரையாண்டு விடுமுறையில் ஜவ்வாது மலைக்கு மிஷன் பயணம் போவதாக அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். பதினாறு நாள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் அம்மா, பொறுப்பாளர் ஒருவர், மாணவர்கள் ஒன்பது பேர். நான் அந்த ஐக்கியத்தில் உறுப்பினன் அல்ல. எங்கள் வீட்டில் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் பேர் கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்குப் போனால் பொங்கல் வரைக்கும் தார் சுற்ற வேண்டும். மலைக்குப் போனால் வேளாவேளைக்குச் சாப்பாடு என்றார்கள். பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். தூக்கினேன்.

அப்போது திருவண்ணாமலை மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது 1989-இல்தான் பிரிந்தது. எல்லாம் வட ஆற்காடு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ். அங்கிருந்து ஏழெட்டு மைல் நடை. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன், காரணம் பின்னால் உங்களுக்கே புரியும். முப்பது வீடு இருக்கும். மலையாளிகள் என்று சொல்லப்படுகிற மலைவாழ் மக்கள். பேர்தான் மலையாளி, பேச்சு தமிழ். சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம். அதன் தாழ்வாரம்தான் எங்கள் ஆஸ்பத்திரி.

டாக்டர் ஐந்து நாள் இருந்தார். வந்தவர்களை எல்லாம் பார்த்தார். சிரங்கு, காதில் சீழ், வயிற்றுப் புழு, ஆறாத புண். இவைதான் அதிகம். ஐந்தாம் நாள் அவருக்கு வேறு வேலை இருந்ததால் நர்ஸ் அம்மாவோடு இறங்கிவிட்டார். மருந்துப் பெட்டி எங்களிடம் இருந்தது. எந்த மாத்திரை எதற்கு என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. எனக்கு இன்றைக்கும் அந்தத் தாளில் இருந்த வரிசை மனப்பாடம்.

நாங்கள் மாணவர்கள் பாதை செப்பனிட்டோம், ஊற்றைச் சுற்றிக் கல் அடுக்கினோம், விறகு பொறுக்கினோம். மத்தியானம் புல்லில் படுத்துத் தூங்குவோம். டிசம்பர் வெயில், மலைக்காற்று. அந்தத் தூக்கம் பட்டு மெத்தையில் வராது. என்ன கடிக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

மூன்றாம் நாள் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது பொறுப்பாளர் ஒரு கதை சொன்னார். மிஷன் புத்தகங்களில் அச்சாகியிருக்கும் கதைதான்; உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஜான் ஸ்கடர் என்ற டாக்டர், அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்பட்ட முதல் மருத்துவ மிஷனரி. நியூயார்க்கில் நல்ல தொழில் நடத்திக்கொண்டிருந்தவர், ஒரு நோயாளி வீட்டில் கிடந்த சிறு பிரசுரத்தைப் படித்துவிட்டு 1819-இல் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டு 1836-இல் சென்னைக்கு வந்தார். அவர் ஒரு தடவை சுற்றுப்பயணத்தில் காட்டுக் காய்ச்சல் கண்டு சாகக் கிடந்தார். அவர் மனைவி ஹாரியட்டுக்குச் சேதி போயிற்று. அந்த அம்மாள் கூடாரமும் மருந்தும் எடுத்துக்கொண்டு, சின்னப் பையனையும் கூட்டிக்கொண்டு பல்லக்கில் புறப்பட்டார். நடுக்காட்டில் இருட்டியதும் மிருகங்களின் சத்தம் கேட்டுப் பல்லக்குத் தூக்கிகள் ஓடிவிட்டார்கள். அந்த அம்மாள் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுவதும் முழங்காலில் நின்று ஜெபித்தார். யானை நடக்கும் ஓசையும் புலியின் உறுமலும் கேட்டதாம். விடிந்ததும் தூக்கிகள் திரும்பி வந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கணவருக்கு ஆபத்து நீங்கியிருந்தது.

கதை முடிந்ததும் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஊர் ஆட்கள் நாலைந்து பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார்கள். அதில் ஒருவர் கேட்டார்: "ஓடனவங்க ஏன் திரும்பி வந்தாங்க சாரு?" பொறுப்பாளருக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தில் அது இல்லை. அந்தக் கேள்வி கேட்டவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 28-ஆம் தேதி காலையில் எனக்குத் தலைவலி. சாதாரணத் தலைவலி அல்ல. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பது போல. மத்தியானம் குளிர். சாயங்காலம் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. பெட்டியின் மூடியைப் பார்த்து, குளிர்காய்ச்சல் என்றால் குளோரோகுயின் என்று எழுதியிருந்தபடி எனக்குக் கொடுத்தார்கள். தப்பு சொல்ல மாட்டேன். அந்த நாளில் மலை, காய்ச்சல் என்றால் யாராக இருந்தாலும் மலேரியா என்றுதான் நினைத்திருப்பார்கள். மூன்று நாள் ஆயிற்று. குறையவில்லை. இருமல் வேறு சேர்ந்துகொண்டது.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா சாமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். சுக்கும் என்னவோ பட்டையும் போட்டுக் கஷாயம் வைத்தார்கள். நான் எழுந்து வெளியே போவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. வைத்தியம் பார்க்க வந்தவர்களை ஊரார் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே என்று எனக்கு அவமானமாக இருந்தது. "வெக்கப்படாத தம்பி, எங்க ஊருக்கு வந்த புள்ள" என்று அந்த அம்மா சொன்னார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்றைக்கும் மங்கவில்லை.

1982 ஜனவரி ஒன்றாம் தேதி விடியற்காலையில் என்னைக் கீழே இறக்குவதென்று முடிவு செய்தார்கள். ஒரு நீள மூங்கிலில் கம்பளியைத் தூளி மாதிரி கட்டி, என்னை அதில் போட்டு, ஊர் ஆட்கள் நான்கு பேர், இரண்டிரண்டு பேராக மாற்றி மாற்றித் தூக்கினார்கள். கூட என் வகுப்புத் தோழன் ஒருவன். ஏழெட்டு மைல் ஒற்றையடிப் பாதை. நெருப்போரத்தில் அந்தக் கேள்வி கேட்டவர் அந்த நான்கு பேரில் ஒருவர். முப்பது வயது இருக்கும். வழியில் அவர் மட்டும் அடிக்கடி உட்கார்ந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் "ராத்திரி போட்டது இன்னும் எறங்கல போல" என்று கிண்டல் செய்தார்கள். அவர் சிரித்துவிட்டு எழுந்து மறுபடியும் தோள் கொடுப்பார். ஒரு இடத்தில் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். என் உடம்பே கொதித்துக் கொண்டிருந்ததால் அவர் கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸில் ஏற்றினார்கள். எல்லோரும் டீ குடித்தார்கள். அவர் மட்டும் வேண்டாம் என்றார். பஸ் கிளம்பும்போது தன் மேல் இருந்த கம்பளியை எடுத்து ஜன்னல் வழியாக என் மேல் போட்டார். "சாரு, கீழ போறவரைக்கும் குளிரும். போத்திக்கினு போங்க. அடுத்த தடவ வரும்போது எடுத்தாங்க." அவ்வளவுதான் பேசினார்.

போளூரில் இறங்கி, மீட்டர் கேஜ் பாசஞ்சரில் களம்பூர் வந்தோம். ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வீடு. அரிசி மில்லிலிருந்து நெல் அவிக்கும் வாசனை வந்தது. அந்த வாசனையில் அன்றைக்கு வாந்திதான் வந்தது. அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஊரான் வீட்டுக்கு வைத்தியம் பாக்கப் போன மவராசன் வந்துட்டாரு, எறக்குங்க" என்றார். திட்டுகிறார் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் அவர்தான் குழந்தையைத் தூக்குவது போல என்னைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்.

தறி இருக்கும் கூடத்தில்தான் பாய் போட்டார்கள். வேறு இடம் கிடையாது. தை மாதத்து முகூர்த்தச் சேலை தறியில் ஏறியிருந்தது. முதலாளியிடம் முன்பணம் வாங்கியாயிற்று. ஆனால் அம்மா என் பக்கத்தை விட்டு நகரவில்லை. பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. நான் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அந்த அரக்குப் பாவுதான் மேலே தெரியும். சில சமயம் அது மலை மேல் போகும் பாதை மாதிரி தெரிந்தது. பிதற்றினேன் என்று பிற்பாடு சொன்னார்கள். உள்ளூரில் பார்த்தவர் டைபாய்டு என்றார். ஊசி போட்டார். கேட்கவில்லை.

காய்ச்சலின் ஒன்பதாம் நாள், ஜனவரி ஐந்தாம் தேதி, ஆரணியிலிருந்து ஒரு பெரிய டாக்டரை அப்பா கூட்டிவந்தார். வயதானவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் நாக்கைப் பார்க்கவில்லை, நாடி பிடிக்கவில்லை. "எங்க போயிருந்தான் பையன்?" என்று கேட்டார். மலை என்றதும், "பனியனக் கழட்டு. வேட்டியத் தளத்து" என்றார். அக்குளைப் பார்த்தார். தொடை இடுக்கைப் பார்த்தார். அரைஞாண் கயிறை விலக்கினார். அங்கே, இடுப்பு மடிப்பில், மிளகு அளவுக்குக் கருப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. சுருட்டு நுனியால் சுட்டது போல. வலியே இல்லை. வளர்ந்த பிள்ளை என்று அம்மா ஈரத்துணியால் துடைத்தபோதும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத நான் நாப்பத்தி நாலுல பர்மா எல்லையில பாத்தேன்" என்றார். இம்பால் பக்கம் சண்டை நடந்தபோது சிப்பாய்களைக் குண்டு கொன்றது போக இந்தக் காய்ச்சலும் கொன்றதாம். பேர் ஸ்க்ரப் டைபஸ். டைபாய்டு வேறு, டைபஸ் வேறு. அப்பா இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டு ஒரு திட்டும் வாங்கினார். "அப்ப இதுக்கு மருந்தே கெடயாது. நல்லா பாத்துக்கற நர்ஸ் இருந்தா பொழச்சான், இல்லாட்டி போனான். இப்ப அப்படி இல்ல" என்று சொல்லிவிட்டுச் சீட்டில் எழுதினார்: டெட்ராசைக்ளின்.

கேப்சூல் ஆரணியில் கிடைத்தது. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பதினோரு நாள் கொதித்த உடம்பு, ஏழாம் தேதி ராத்திரி வியர்த்துக் குளிர்ந்தது. மறுநாள் காலையில் அம்மா தறியில் உட்கார்ந்தார்கள். நாடா போய் வரும் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விழிப்பு வந்தது. அதுபோல் இனிமையான சத்தம் என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

இந்த நோயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்கு உதவும். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். மாட்டில் ஒட்டும் உண்ணி அல்ல இது. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு, கண்ணுக்கே தெரியாது. துணி இறுக்கமாக இருக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடித்தது தெரியாது. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வரும். எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். கருப்புப் பொருக்கு எல்லோருக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் அதுவே சாட்சி. 1948-இல் மலாயாவில் குளோராம்பெனிக்கால் கொடுத்துப் பார்த்தபோதுதான் முதன்முதலாக இதற்கு மருந்து கிடைத்தது என்று பிற்பாடு படித்தேன். இப்போது டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இருக்கின்றன.

ஜான் ஸ்கடர் டாக்டருக்கு வந்தது மலேரியாவா, வேறு ஏதாவதா, யார் சொல்ல முடியும்? அந்தக் காலத்தில் காட்டில் வந்தால் காட்டுக் காய்ச்சல், அவ்வளவுதான். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்ட் 20-இல். அதற்கு முன் நெடுங்காலம் கெட்ட காற்று என்றுதான் நினைத்தார்கள். ஸ்கடரின் பிள்ளைகள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். எங்கள் ஆரணியும் அதில் ஒரு நிலையம். பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரில் ஆஸ்பத்திரி கட்டிய கதையைக் கல்லூரி விழாக்களில் நீங்கள் நூறு தடவை கேட்டிருப்பீர்கள், நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதே வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று, நாட்டில் ஏழு ஆஸ்பத்திரிகளில், கடுமையான ஸ்க்ரப் டைபஸ் கண்ட சுமார் 800 பேரிடம் ஆராய்ச்சி செய்து, இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று 2023-இல் வெளியிட்டார்கள். பேரனார் காலத்தில் பேரே தெரியாத காய்ச்சல்களில் ஒன்றுக்கு, பேத்தி கட்டிய இடத்திலிருந்து இந்த விடை வந்திருக்கிறது. பேப்பரில் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் தூக்கம் வரவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். இதுவரை சொன்னதை என் மாணவர்களுக்கு வகுப்பிலேயே பல தடவை சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்வதை என் வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆரணி டாக்டர் கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "உன்கூட இருந்தவங்க வேற யாருக்காவது காய்ச்சலாடா?" நான் யோசித்தேன். ஒன்பது மாணவர்களை ஒவ்வொருவராக மனதில் எண்ணினேன். பொறுப்பாளரை எண்ணினேன். "இல்ல சார், எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொன்னேன்.

மறு வருஷம், 1982 டிசம்பரில், கம்பளியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். கஞ்சி கொடுத்த அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பளிக்காரர் வீடு எது என்று கேட்டேன். அவர் இல்லை என்றார்கள். "உன்னத் தூக்கினு போயிட்டு வந்தான் பாரு, அன்னிக்கே படுத்தவன். தைப் பொங்கலுக்கு மொத நாளு போயிட்டான்."

அவர் மனைவியைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. கம்பளியைக் கொடுத்தேன். வாங்கி, மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். எப்படி வந்தது என்று கேட்டேன். என்னைத் தூக்கிப் போவதற்கு முந்தின நாளே தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். "போவாத"ன்னு சொன்னேன், கேக்கல என்றார்கள். திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய் எங்கள் ஆட்களிடம் மாத்திரை கேட்டிருக்கிறார். காய்ச்சல் மாத்திரை இரண்டு கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் தேதி எங்கள் குழு இறங்கிவிட்டது. உடம்பில் எங்காவது கருப்பாகப் புண் இருந்ததா என்று கேட்டேன். "முதுவுல, கம்பளி மடிப்பு எடத்துல. நெருப்பு பட்டிருக்கும்னு நெனச்சோம்" என்றார்கள்.

பிறகு அந்தப் பெண் கேட்டார்கள்: "உங்களுக்கு எப்புடி சரியாச்சு சாரு?"

ஒரு மாத்திரை சாப்பிட்டேன் என்றேன்.

"அது எங்க கெடைக்கும்?"

ஆரணியில் என்றேன்.

பச்சைப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த தாளில் நான்காவது வரி: டெட்ராசைக்ளின், புண்ணில் சீழ் வைத்தால். அட்டை அட்டையாக இருந்தது. நான்தான் அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து மேலே கொண்டுபோனவன். ஜனவரி மூன்றாம் தேதி அது திரும்பவும் கீழே இறங்கியபோது பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததாக என் தோழன் சொன்னான். கேட்டு வந்த மனிதருக்கு அவர்கள் கொடுக்காதது அறியாமை. அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தாம் தேதி டாக்டர் என்னைக் கேட்டபோது எனக்கு நோயின் பேர் தெரியும், மருந்தின் பேர் தெரியும், வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த ஒரு மனிதர் டீ வேண்டாம் என்றதும் தெரியும். அவர் இறந்தது பதிமூன்றாம் தேதி. நடுவில் எட்டு நாள் இருந்தது. அந்தப் பட்டாளத்து டாக்டர் எப்படிப்பட்டவர் என்றால், சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆள் அனுப்பியிருப்பார். 'உன்கூட இருந்தவங்க' என்றபோது என் எண்ணிக்கையில் அந்த நான்கு பேர் வரவில்லை. கணக்கு வாத்தியார் ஆகப்போகிறவன் போட்ட கணக்கு அது.

அந்தப் பெண்ணிடம் பெட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு போன தடவைகளிலும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த இடுப்புக் குழந்தை பிற்பாடு போளூரில் தங்கிப் படித்தது. அதற்கு நான் ஏதாவது செய்திருந்தால் அதை இந்த மேடையில் சொல்லிப் பெருமைப்பட எனக்கு உரிமை கிடையாது.

ஓடிப்போன பல்லக்குத் தூக்கிகள் ஏன் திரும்பி வந்தார்கள் என்று அவர் கேட்டாரே, அதை எனக்குத் தெரிந்த போதகர்கள் மூன்று பேரிடம் கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடவே ஓடாத ஒருவர் கேட்ட கேள்வி அது.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். வருகிற டிசம்பரில் நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஜவ்வாது மலைக்கு முகாம் போகிறார்கள் என்று முதல்வர் சொன்னார். மிக்க மகிழ்ச்சி. ஜமுனாமரத்தூர் இப்போது தாலுகா தலைமையிடம். சாலை இருக்கிறது, 108-க்குப் போன் செய்ய முடிகிறது. பிள்ளைகளே, டாக்டர் இல்லாமல் நீங்களே மாத்திரை கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அந்தத் தவறைச் செய்துவிடாதீர்கள். முகாம் நோட்டில் தினமும் யாருக்குக் காய்ச்சல் என்று எழுதுவீர்கள் அல்லவா? அதில் உங்கள் நாற்பது பேருக்குக் கோடு போட்டிருப்பதாகப் பொறுப்பாசிரியர் காட்டினார். சமைத்துக் கொடுக்கிறவர்கள், வழி காட்டுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், நீங்கள் தங்குகிற வீட்டுக்காரர்கள், இவர்களுக்கும் கீழே கோடு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால், யாராக இருந்தாலும், அரைஞாண் கயிறுக்குக் கீழேயும் முதுகிலும் பார்த்துவிட்டு டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

முகாமுக்கு ஒரு மருந்துப் பெட்டி வாங்க எங்கள் 1982-ஆம் வருஷத்து வகுப்பார் பணம் சேர்த்திருக்கிறோம். மருந்துப் பட்டியலை ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் குறைகிறது. வாசலில் மேஜை போட்டு என் பழைய தோழன் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்குத் தூளியின் கூடவே நடந்து வந்தவன்தான். ரசீது கொடுப்பான்.